மே 8-ஆ, மே 9-ஆ?

வகுப்பறை வரலாறு: வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பல நாடுகளின் பார்வையில் கற்பிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்கள் ஒரே கேள்வியாக்கப்பட்டுள்ளன.

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியை): "ஐரோப்பாவில் போர் 1945 மே மாதம் முடிந்தது" என்று பாடநூலில் ஒரே வரிதான் இருக்கிறது. பல நாட்டுப் பார்வை என்று எங்கிருந்து தொடங்குவது?

அந்த ஒரே வரியிலிருந்துதான். ஜெர்மனியின் சரணாகதிப் பத்திரம் இரண்டு முறை கையெழுத்தானது. முதல் முறை பிரான்சின் ரைம்ஸ் நகரில், மே 7 அதிகாலையில். மே 8 இரவு 11.01 மணிக்குச் சண்டை நிற்க வேண்டும் என்பது அதில் இருந்த நிபந்தனை. சோவியத் தரப்புக்கு அது போதவில்லை. பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பகுதியில், தங்கள் தளபதி முன்னிலையில் மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். அது நடந்தபோது நள்ளிரவு. மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டது. அதனால்தான் மேற்கு நாடுகளுக்கு மே 8, சோவியத் ஒன்றியத்துக்கு மே 9.

இது கடிகார வித்தியாசம் என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். டென்மார்க்கும் நெதர்லாந்தும் விடுதலையை மே 5-ல் கொண்டாடுகின்றன, இத்தாலி ஏப்ரல் 25-ல். போலந்து பல பத்தாண்டுகள் மே 9-ஐக் கடைப்பிடித்துவிட்டு, 2015-ல் சட்டம் போட்டு மே 8-க்கு மாறியது. உக்ரைன் 2023-ல் மே 9-ஐக் கைவிட்டு மே 8-ஐ எடுத்துக்கொண்டது. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மக்களுக்கோ ஜெர்மன் படை போய்ச் சோவியத் படை வந்த காலம் அது. வந்த படை பல பத்தாண்டுகள் திரும்பிப் போகவில்லை.

ஜெர்மனியின் கதைதான் வகுப்பில் நன்றாக எடுபடும். நடந்தது தோல்வியா, விடுதலையா என்று மேற்கு ஜெர்மனி நீண்ட காலம் தடுமாறியது. 1985 மே 8 அன்று குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபொன் வைட்செக்கர் நாடாளுமன்ற உரையில் அதை "விடுதலை நாள்" என்றார். நாடே அதைப் பேசியது. கிழக்கு ஜெர்மனியோ 1950-லிருந்தே அந்தப் பெயரில் விழா எடுத்துவந்தது. ஒரே சொல் அங்கே அரசு விதித்த சடங்கு. இங்கே 40 ஆண்டு கழித்து வந்த ஒப்புதல். சொல்லைப் பார்த்தால் போதாது, சொன்னவர் யார், எந்த ஆண்டில் என்றும் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

45 நிமிடப் பாடவேளை போதும். ஏழு அட்டைகளில் நாட்டின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதிச் சுவரில் கட்டிய கயிற்றில் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள். ஏன் வேறு வேறு தேதி என்று பத்து நிமிடம் ஊகிக்கட்டும். காரண அட்டைகளை அதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பொருத்துக வினா போல ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொன்று: பாடத் தலைப்பாகக் கரும்பலகையில் "வெற்றி நாள்" என்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால் யாருடைய வெற்றி என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பார்வை என்று சொல்லிச் சொல்லி, "வரலாறே வெறும் கருத்துதான்" என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பாடத்தில் அடிக்கடி நேரும் தவறு இது. நடந்தது, அதற்கு வைத்த பெயர், அதன் மீதான தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் வருகிறது. குறிப்பேட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்.

1953 ஜூன் 17-ஐ எடுத்துக்கொள்வோம். கூலி ஏறாமல் வேலை அளவை மட்டும் உயர்த்தியதை எதிர்த்துக் கிழக்கு ஜெர்மன் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சோவியத் டாங்குகள் வந்தன. இது முதல் பத்தி. இதில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் இருக்க வேண்டும். இரண்டாம் பத்தியில் பெயர்கள்: கிழக்கில் "பாசிசக் கலக முயற்சி", மேற்கில் அது "ஜெர்மன் ஒற்றுமை நாள்" என்ற பெயரில் 1990 வரை தேசிய விடுமுறை. மூன்றாம் பத்தி மாணவருடையது.

ஹங்கேரியில் பெயரே ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. 1956 அக்டோபர் 23-ல் கம்யூனிச ஆட்சியை எதிர்த்துத் தொடங்கியதை ஆட்சியாளர்கள் 30 ஆண்டுக்கு மேல் "எதிர்ப்புரட்சி" என்றே எழுதினார்கள். 1989 ஜனவரி 28-ல், ஆளுங்கட்சியின் தலைவர்களில் ஒருவரான இம்ரே பொஷ்கை வானொலிப் பேட்டியில் அதை "மக்கள் எழுச்சி" என்று சொன்னார். ஒரு சொல் மாறியதும் ஆட்சியின் அடித்தளமே ஆடியது. அந்த எழுச்சியின்போது பிரதமராக இருந்து 1958-ல் தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியின் உடலை அதே 1989 ஜூன் 16-ல் மரியாதையுடன் மறு அடக்கம் செய்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பார்வை வேறு, பொய் வேறு என்பதையும் ஒரு முறையாவது கண்ணெதிரே காட்டிவிட வேண்டும். அதற்கு, ரஷ்யாவின் காட்டின் (Katyn) என்ற இடத்தின் பெயரால் அறியப்படும் படுகொலையை எடுங்கள். 1940 வசந்தத்தில் சுமார் 22,000 போலந்துக் கைதிகளைச் சோவியத் இரகசியக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜெர்மானியர்கள் செய்தது என்று சோவியத் அரசு பல பத்தாண்டுகள் சொல்லி, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையிலும் குற்றச்சாட்டாகக் கொண்டுவந்தது. தீர்ப்பில் அது இடம்பெறவில்லை. 1990 ஏப்ரல் 13-ல்தான் உண்மையை ஒப்புக்கொண்டது. "ஜெர்மனி செய்தது" என்பதைச் சோவியத் பார்வை என்று பட்டியலில் போடுவது பெரிய பிழை. அது மறைப்பு. மறைப்புக்கு முதல் இரண்டு பத்திகளிலும் இடமில்லை. ஏன் மறைத்தார்கள் என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு ஜெர்மானிய ஆசிரியர்கள் கைக்கொள்ளும் நெறி ஒன்று உண்டு: 1976-ல் பாய்ட்டல்ஸ்பாஹ் என்ற ஊரில் நடந்த கூட்டத்திலிருந்து வந்த உடன்பாடு. ஆசிரியர் தம் கருத்தை மாணவர் மீது திணிக்கக் கூடாது. அறிஞர்களிடையிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே தெரிய வேண்டும். மாணவர் தம் நிலையைத் தாமே அலசிப் பார்க்கும் திறன் பெற வேண்டும். இரண்டாவதைப் பலர் பாதிதான் படிக்கிறார்கள். சர்ச்சையானதைத்தான் சர்ச்சையாகக் காட்டச் சொல்கிறது. முடிந்துபோன உண்மையைச் சர்ச்சை ஆக்கச் சொல்லவில்லை.

கேள்வி (பட்டதாரி ஆசிரியர்): முழுப் பாடம் ஒன்று நடத்த எந்தத் தலைப்பு சிறந்தது? படிப்படியாகச் சொன்னால் உதவும்.

எங்கள் தேர்வு 1945-க்குப் பிந்தைய கட்டாய இடப்பெயர்வு. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலிருந்து ஜெர்மானியர்களை மாற்றுவதை 1945 ஆகஸ்ட் 2-ல் முடிந்த பாட்ஸ்டாம் மாநாடு ஏற்றுக்கொண்டது. "ஒழுங்காகவும் மனிதத்தன்மையோடும்" நடக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. மாநாட்டுக்கு முன்பே விரட்டல் தொடங்கியிருந்தது. தப்பி ஓடியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களுமாகச் சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் வீடிழந்தார்கள். அதே வேளையில், சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்ட கிழக்குப் பகுதிகளிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்து மக்கள் மேற்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதல் பாடவேளையை ஒரே நகரத்தில் நடத்த வேண்டும். பிரெஸ்லாவ் என்று ஜெர்மானியர் அழைத்த நகரம் 1945-ல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் ஆனது. ஜெர்மானியர் போனார்கள், வந்து குடியேறிய போலந்து மக்களில் கணிசமானோர் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்ட லிவிவ் பகுதியிலிருந்து வந்தவர்கள். போலந்து அரசு இப்பகுதிகளுக்கு "மீட்கப்பட்ட நிலங்கள்" என்று பெயர் வைத்தது. முதல் பத்து நிமிடம் 1937 வரைபடத்தையும் 1950 வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லைகள் எவ்வளவு மேற்கே நகர்ந்தன என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த பத்து நிமிடம் ஓர் ஓவியம். 114 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். 1794-ல் ரஷ்யப் படையைப் போலந்துப் படை வென்ற ரட்ஸ்வாவிட்செ போரைக் காட்டுவது. லிவிவ் நகரில் இருந்த அது 1946-ல் வ்ரோட்ஸ்வாஃபுக்கு வந்துசேர்ந்தது. ஆனால் 1985 வரை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ஏன் என்று மட்டும் கேளுங்கள். ரஷ்யர் தோற்ற காட்சியைச் சோவியத் நட்பு நாடாக இருந்த போலந்தில் தொங்கவிடுவது எவ்வளவு சங்கடம் என்பதையும், லிவிவ் நகரை நினைப்பதே அப்போது சங்கடம் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், பொறுத்திருங்கள்.

மிச்சம் 25 நிமிடம் "கதை எங்கே தொடங்குகிறது?" என்ற கேள்விக்கு. ஜெர்மானியக் குடும்ப நினைவு பெரும்பாலும் 1945 குளிர்காலத்தில், பனியில் வண்டி கட்டிக்கொண்டு ஓடியதில் தொடங்கும். செக் மக்களுக்கு, தங்கள் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 செப்டம்பர் மியூனிக் உடன்படிக்கையில் தொடங்கும். போலந்துக்கு, ஜெர்மனி படையெடுத்த 1939 செப்டம்பர் 1. மூன்று குழுக்கள் மூன்று தொடக்கத் தேதியிலிருந்து அதே நிகழ்ச்சியை ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும். ஒரு வாக்கியம்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. மூன்றையும் உரக்கப் படிக்கும்போது, உண்மையான வாக்கியங்களைக் கொண்டே மூன்று வேறு கதை கட்டமுடிகிறது என்று வகுப்பு உணரும்.

இரண்டாம் பாடவேளைக்கு நான்கு ஆவணங்கள், ஒவ்வொன்றும் 120 முதல் 150 சொல்லுக்குள், நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுப்பு. பாட்ஸ்டாம் உடன்பாட்டின் அந்தப் பிரிவு. வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர் 1950 ஆகஸ்ட் 5-ல் வெளியிட்ட சாசனம்: பழிவாங்கலைக் கைவிடுகிறோம் என்கிறது, நாஜிக் குற்றங்களைப் பற்றிப் பேசவில்லை. போலந்துக் கத்தோலிக்க ஆயர்கள் 1965 நவம்பரில் ஜெர்மானிய ஆயர்களுக்கு எழுதிய கடிதம்: மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்றது. 1997 ஜனவரி 21-ன் ஜெர்மன்–செக் கூட்டறிக்கை. ஒவ்வொன்றிலும் எழுதியவர், யாருக்கு, எந்த ஆண்டு, எதைச் சொல்லவில்லை என்ற நான்கை மட்டும் தேட 30 நிமிடம். கடைசி 15 நிமிடம் சொற்களுக்கு. ஜெர்மானியர் "ஃபெர்ட்ரைபுங்" என்பார்கள், விரட்டியடிப்பு. செக் வழக்கில் "ஒட்சுன்", அப்பால் நகர்த்துதல். 1997 அறிக்கை, விரட்டலையும் கட்டாய இடமாற்றத்தையும் அடுத்தடுத்து எழுதித்தான் இரு தரப்பையும் ஒரே தாளில் கொண்டுவந்தது.

எங்கே கெட்டுப்போகும்? முதலாவதாக, எண்ணிக்கைப் போட்டியில். யார் அதிகம் இறந்தார்கள் என்று வகுப்பு கூட்டிக் கழிக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். இறந்த ஜெர்மானியர் பற்றிய பழைய மதிப்பீடுகள் 20 லட்சம் வரை போகின்றன. பிந்தைய ஆய்வுகள் பலவும் அதைவிட மிகக் குறைவாகச் சொல்கின்றன. எதைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது, அதைப் பேசலாம். இரண்டாவதாக, ஒரு நாட்டை முழுக்கப் பாதிக்கப்பட்டவராகவே நிறுத்திவிடுவதில். 1947-ல் போலந்து அரசு தன் தென்கிழக்கிலிருந்து சுமார் 1,40,000 உக்ரைனியர்களையும் லெம்கோ மக்களையும் இதே மேற்கு நிலங்களுக்குக் கட்டாயமாக அனுப்பிச் சிதறவைத்தது. இதை விட்டுவிட்டால் பாடம் பாதிதான். மூன்றாவதாக, மியூனிக்கிலும் வார்சாவிலும் நாஜிகள் செய்ததைச் சொல்லாமல் 1945-ல் தொடங்குவதில். இந்தத் தவறைச் செய்வதைவிடப் பாடத்தையே எடுக்காமல் இருக்கலாம்.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி மாணவி): மாணவர்களை "நீ போலந்து, நீ ரஷ்யா" என்று பிரித்து நடிக்கவைக்கலாமா?

வேண்டாம். பத்து நிமிடத்தில் வகுப்பு விளையாட்டுப் போட்டியாகிவிடும். நாடு பேசாது, மனிதர்கள்தான் பேசுவார்கள். மேலே சொன்ன ஆயர்கள் கடிதத்தையே பாருங்கள்: அதை எழுதியதும் போலந்து, அதற்காக அந்த ஆயர்களைக் கடுமையாகத் தாக்கியதும் போலந்து அரசு. 1970 டிசம்பர் 7-ல் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் நினைவுச் சின்னத்தின் முன் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியரில் 48 சதவீதம் பேர் அது மிகை என்றார்கள், 41 சதவீதம் பேர் பொருத்தம் என்றார்கள். இதில் ஜெர்மன் பார்வை எது?

நடிப்புக்குப் பதிலாக ஆவணத்துக்கு வழக்கறிஞர் ஆக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆவணத்தை எழுதியவர் சார்பில் மூன்று நிமிடம் பேசலாம்; அந்தத் தாளில் இருப்பதை மட்டும்தான் சொல்லலாம். எதிரே இருப்பவர் "இது எந்த வரியில் இருக்கிறது?" என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேள்வி (வரலாற்று ஆர்வலர்): மார்ஷல் திட்டம் என்றாலே "அமெரிக்கா ஐரோப்பாவைக் காப்பாற்றியது" என்றுதான் படித்தோம். மற்ற பக்கங்கள் என்ன?

முதலில் எண்கள். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவும் இந்தத் திட்டம் பற்றி 1947 ஜூன் 5-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஹார்வர்டில் பேசினார். 1948 ஏப்ரலில் சட்டமானது. நான்கு ஆண்டில் போனது சுமார் 1,300 கோடி டாலர். பிரிட்டனுக்கு ஏறத்தாழக் கால் பங்கு, பிரான்சுக்கு ஐந்தில் ஒன்று, மேற்கு ஜெர்மனிக்குப் பத்தில் ஒன்று போல. இந்தக் கடைசி எண் எல்லாரையும் திடுக்கிடவைக்கும், ஏனென்றால் மார்ஷல் திட்டத்தின் செல்லப்பிள்ளை என்று எல்லாருக்கும் நினைவில் நிற்பது மேற்கு ஜெர்மனிதான். நினைவுக்கும் தொகைக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்பதே ஒரு நல்ல பாடம். வாங்கிய சரக்கை உள்நாட்டு நாணயத்தில் விற்றுத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்பது விதி. பிரிட்டன் தன் பங்கில் பெரும்பகுதியைக் கடன் குறைக்கப் பயன்படுத்தியது, பிரான்ஸ் தொழில்களைப் புதுப்பிக்க. மேற்கு ஜெர்மனியோ சுழல் கடன் நிதியாக வைத்து வளர்த்தது, அந்த நிதி இன்னும் இருக்கிறது. அங்கே நினைவு அழியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிழக்குப் பக்கம்: சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் 1947 ஜூலை 2-ல் பாரிஸ் பேச்சிலிருந்து வெளியேறினார். செக்கோஸ்லோவாக்கியா முதலில் அழைப்பை ஏற்றது; தலைவர்கள் மாஸ்கோ போய்வந்ததும் ஜூலை 10-ல் பின்வாங்கியது. பின்லாந்தும் சேரவில்லை. ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்கு அழைப்பே இல்லை. சோவியத் பிரசாரம் இதை டாலர் ஏகாதிபத்தியம் என்றது. அதே காலத்தில் சோவியத் படை தன் ஜெர்மன் மண்டலத்தில் தொழிற்சாலைகளையும், இரட்டை ரயில் பாதைகளில் ஒன்றையும் கழற்றி இழப்பீடாக எடுத்துப்போனது. மார்ஷல் சரக்கு வந்த மேற்கு ஜெர்மானியர் நினைவும், தண்டவாளம் போன கிழக்கு ஜெர்மானியர் நினைவும் ஒன்றாக இருக்க முடியாது. ஐரோப்பிய உற்பத்தி உதவி வருவதற்கு முன்பே மீளத் தொடங்கிவிட்டது என்று காட்டும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்களும் உதவி பயனற்றது என்று சொல்லவில்லை, எந்த அளவுக்குப் பயன் என்றுதான் வாதிடுகிறார்கள்.

கேள்வி (நூலகர்): இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரே பாடநூல் எழுதியதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. பிரான்சும் ஜெர்மனியும் எழுதின. இரு நாடுகளும் நட்புக்காகச் செய்துகொண்ட 1963 எலிசே ஒப்பந்தத்தின் 40-ஆம் ஆண்டில், 2003-ல், இரு நாட்டு இளைஞர் நாடாளுமன்றம் வைத்த கோரிக்கை அது. முதலில் வந்தது 1945-க்குப் பிந்தைய தொகுதி, 2006-ல். மற்ற இரண்டும் 2008, 2011-ல். இரு மொழியிலும் உள்ளடக்கம் ஒன்றே. பழைய போர்களைப் பற்றி எழுதுவதில்தான் சிக்கல் வரும் என்று வெளியே எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் பங்கு, கம்யூனிசத்தின் இடம் போன்றவற்றில்தான் இரு தரப்பும் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. ஆனால் வகுப்புகளில் பரவவில்லை. பிரான்சில் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஜெர்மனியில் 16 மாநிலத்துக்கும் தனித்தனி. ஒரே நூல் எல்லாவற்றோடும் பொருந்துவது கடினம். ஜெர்மனியும் போலந்தும் 1972-லிருந்தே பாடநூல் ஆணையம் வைத்துப் பேசிவந்து, 2016 முதல் 2020-க்குள் நான்கு தொகுதிகளைக் கொண்டுவந்தன. வரிசையாகப் படிக்க அல்ல, ஒரு தலைப்பில் தம் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க இவை மிகவும் பயன்படும்.

கேள்வி (முதுகலை மாணவர்): அல்ஜீரியா, இந்தோனேசியா போன்றவை ஐரோப்பிய வரலாற்றில் வருமா? அவை காலனிய வரலாறு என்று தனியாக இருக்கின்றனவே.

தனியாக வைத்ததுதான் கோளாறு. 1945 மே 8-ஐ மறுபடி பாருங்கள். பாரிஸ் வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் ஊர்வலம் போனவர்கள் அல்ஜீரியக் கொடியைத் தூக்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. கலவரத்தில் சுமார் நூறு ஐரோப்பியர் கொல்லப்பட்டார்கள். பின் வந்த வாரங்களில் பிரெஞ்சுப் படையும் ஆயுதமேந்திய குடியேறிகளும் பல ஆயிரம் அல்ஜீரியர்களைக் கொன்றார்கள். அல்ஜீரிய அரசின் கணக்கு 45,000. வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு அதைவிடக் குறைவு. முதல் பாடத்தின் கயிற்றில் எட்டாவது அட்டையாக இதை மாட்டுங்கள்.

அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஒரு பகுதியாகவே சட்டத்தில் இருந்தது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் தொடக்கமாக நாம் படிக்கும் 1957 ரோம் ஒப்பந்தம் அல்ஜீரியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1954 முதல் 1962 வரை நடந்ததைப் பிரெஞ்சு அரசு "ஒழுங்கு பேணும் நடவடிக்கை" என்றே சொல்லிவந்தது. "அல்ஜீரியப் போர்" என்ற சொல்லைச் சட்டம் ஏற்றது 1999-ல். நெதர்லாந்தும் 1947-லும் 1948-லும் இந்தோனேசியாவில் நடத்திய போருக்குக் "காவல் நடவடிக்கை" என்று பெயர் வைத்தது. திட்டமிட்ட, மிகைப்பட்ட வன்முறை நடந்தது என்று ஆய்வு முடிவு வந்ததும் 2022 பிப்ரவரியில் டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டு பெயரையும் கிழக்கு ஜெர்மனியின் "பாசிசக் கலக முயற்சி" பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெயரால் மூடுவது ஒரு முகாமுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

கேள்வி (ஆசிரியர்): மூல மொழிகள் தெரியாது. மொழிபெயர்ப்பை நம்பிப் பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம், மூன்று கவனத்தோடு. சர்ச்சைக்குரிய சொல்லை மட்டும் மூல ஒலியிலேயே வைத்துப் பக்கத்தில் பொருள் எழுதுங்கள். வெட்டிய இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாமல் வெட்டுவது மாணவரை ஏமாற்றுவது. ஜோடியாகவே கொடுங்கள். நல்ல ஜோடி: 1946 மார்ச் 5-ல் ஃபுல்ட்டனில் சர்ச்சில் ஆற்றிய உரையும், மார்ச் 14-ல் சோவியத் கட்சி நாளேடான பிராவ்தாவில் வந்த ஸ்டாலின் பேட்டியும். இன்னொன்று: அமெரிக்கத் தூதரகத்தின் ஜார்ஜ் கென்னன் 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய தந்தியும், சோவியத் தூதர் நோவிகோவ் அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்து அனுப்பியதும். இருவரும் எதிர்த் தரப்பு விரிவடையத் துடிக்கிறது என்றே எழுதினார்கள்.

ஸ்டாலின் பேட்டியில் ஒரு புதையல் உண்டு. சோவியத் இழப்பு சுமார் 70 லட்சம் உயிர் என்கிறார். இன்று பொதுவாக ஏற்கப்படும் எண் சுமார் 2.7 கோடி. இழப்பை யாரும் கூட்டித்தானே சொல்வார்கள், இவர் ஏன் குறைத்தார் என்று வகுப்பில் கேளுங்கள். பலவீனம் தெரியக் கூடாது, போரை நடத்திய விதம் பற்றிக் கேள்வி எழக் கூடாது என்ற பதில்கள் தாமாக வரும்.

கேள்வி (தேர்வுப் பொறுப்பாளர்): இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?

20 மதிப்பெண் என்றால் தேதி, இடம், நிகழ்வு சரியாக இருப்பதற்கு 6. சொல்லை யார், எப்போது பயன்படுத்தினார் என்று காட்டுவதற்கு 5. ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்ற காரணத்துக்கு 5. ஆவணம் சொல்லாமல் விட்டதைக் கண்டதற்கு 4. மாணவரின் தீர்ப்புக்கு மதிப்பெண் கிடையாது. தீர்ப்புக்குத் தரும் ஆதாரம் முதல் மூன்றில் வந்துவிடும். "அனைவரும் தத்தம் வழியில் சரியே" என்று முடியும் விடைத்தாளுக்குக் கூடுதலாக ஒன்றும் தராதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): வரைபடத்திலும் பார்வை உண்டா?

உண்டு. மேற்கு ஜெர்மன் வரைபட நூல்கள் நீண்ட காலம் 1937 எல்லையைப் புள்ளிக்கோட்டில் காட்டி, கிழக்கு நிலங்களைப் "போலந்து நிர்வாகத்தில்" என்று எழுதின. பால்டிக் நாடுகளைச் சோவியத் வரைபடம் தன் குடியரசுகளாகக் காட்டியது. அமெரிக்க அரசு வரைபடங்கள் அந்த இணைப்பை ஏற்கவில்லை என்று குறிப்புப் போட்டன. எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் அச்சான ஆண்டும் ஊரும் தெரியும்படி நகல் எடுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): போருக்குப் பிந்தைய காலம் எப்போது முடிகிறது?

எப்போது தொடங்குகிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லையே. ஸ்பானிய மொழியில் "போருக்குப் பின்" என்றாலே 1939-ல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பின் என்றுதான் பொருள். கிரீசில் உள்நாட்டுப் போர் 1949 வரை நீண்டது. பால்டிக் காடுகளில் சோவியத் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுக்கள் 1950-களின் தொடக்கம் வரை போராடின. முடிவுக்குப் பெர்லின் சுவர் திறந்த 1989 நவம்பர் 9 என்று பலர் சொல்வார்கள். ஜெர்மனி பற்றிய இறுதி ஒப்பந்தம் கையெழுத்தான 1990 செப்டம்பர் 12 என்பார்கள் சட்டம் படித்தவர்கள். பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004 மே 1 என்பாரும் உண்டு.

இன்னொரு தேதியையும் உங்கள் கயிற்றில் மாட்டுங்கள்: 1994 ஆகஸ்ட் 31. எஸ்டோனியாவிலிருந்தும் லாட்வியாவிலிருந்தும் ரஷ்யப் படை வெளியேறிய நாள் அது. அன்றே பெர்லினில் ரஷ்யப் படைக்கு வழியனுப்பு விழாவும் நடந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளுக்கு அதே பெர்லினில் விழா நடந்தது செப்டம்பர் 8-ல். ஒன்றுசேர்ந்து ஹிட்லரை வென்ற நான்கு படைகளையும் ஒரே நாளில் ஏன் அனுப்பிவைக்கவில்லை என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.